இடது பக்கம் நின்றவர்கள்

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் மடிப்பக்கா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மடிப்பு மேசையில் நிறுத்தினார்கள். இரட்டைக் கட்டில் விரிப்பை யார் துணையும் இல்லாமல், மோவாயில் ஒரு பிடி, முழங்கையில் ஒரு தட்டு என்று கண்மூடித் திறப்பதற்குள் மடித்து அடுக்கிவிடுவாள். பார்த்தவர்கள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஓய்வுபெறும் வயதை எட்டிக்கொண்டிருந்த பாய்லர்காரர்கூட, "அக்கா, ஆவி இறங்குது, இங்க வந்து பாரு" என்பார். அவருக்கு அக்காவும் வேண்டும், ஒருமையும் வேண்டும்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் அழுக்கு விரிப்பும் துண்டும் வண்டி வண்டியாக அங்கே வந்து இறங்கும். நீளமான கூடம், நடுவில் ஒரு நடைபாதை. இடது பக்கம் ஆள் உயரத் துவைக்கும் எந்திரங்களும் டிரையர்களும். வலது பக்கம் சூடான ரோலர்கள், இஸ்திரி மேசைகள், மடிப்பு மேசைகள். ஈரப்பக்கம், காய்ந்த பக்கம் என்பார்கள். அழுக்கும் சுத்தமும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது என்பதால் துணியும் ஆளும் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். முன்கதவில் நுழைந்து பின்கதவில் வெளியேறி, முற்றத்தைச் சுற்றித் திரும்ப முன்கதவுக்கு வர வேண்டும்.

எந்திரங்கள் ஓட ஆரம்பித்தால் அங்கே காதோடு காதாகப் பேசுவது என்பதே கிடையாது. கத்தினால்தான் பேச்சு. அதனால்தான் முன்பிருந்த சூப்பர்வைசர் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு திரிந்தார். ஒரு ஊதலுக்கு நில், இரண்டுக்கு வா, நீளமாக ஊதினால் இன்றைக்கு எவனோ செத்தான். அவர் வேறு கிளைக்கு மாறிப் போனதும் மேனேஜர் மடிப்பக்காவைக் கூப்பிட்டார்.

"இனிமே நீங்கதாம்மா பாத்துக்கணும்."

"சார், எனக்கு அதிகாரம் பண்ண வராது."

"அதிகாரம் யாரு பண்ணச் சொன்னா? வேலை நடந்தா போதும்."

முதல் நாள் காலை, எந்திரங்களை முடுக்குவதற்கு முன் எல்லாரையும் நடைபாதையில் நிறுத்தி அவள் பேசினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு விசில் ஊதத் தெரியாது. யாருக்கு என்ன வேணும்னாலும் நேரா என்கிட்ட சொல்லுங்க. எனக்குத் தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிடுவேன். நீங்களும் அப்படியே இருங்க, போதும்."

சொன்னபடியே நடந்தும் காட்டினாள். ரோலர் சூட்டில் நாள் முழுக்க நிற்பவர்களை வேளைக்கு ஒருமுறை மாற்றிவிட்டாள். யார் வீட்டில் காய்ச்சல், யார் மாமியார் வந்திருக்கிறாள், யாருக்குக் கால் வீங்குகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நாள் கூடமே கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. அதன் பிறகு எங்கேயோ நூல் சிக்கிக்கொண்டது. எந்த இடத்தில் சிக்கியது என்று அவளால் பிடிக்கவே முடியவில்லை.

டிரையர்களுக்குத் துணி போடும் பெண் ஒருத்தி. ஊர்ச் செய்தி எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் பரவும் என்பதால் ரேடியோ என்று பெயர். ஒருநாள் அவள், "அக்கா! இந்தக் கதவு சரியா மூட மாட்டேங்குது!" என்று கத்தினாள். மடிப்பக்கா திரும்பிப் பார்க்காமல் அவளைக் கடந்து போய், எதிர்ப்பக்கம் ரோலரில் நின்றவளிடம் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

ரேடியோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவனிடம் சொன்னாள்: "பாத்தியா? நாம தொண்டை கிழியக் கத்தறோம், கண்டுக்கல. அங்க என்னடான்னா முட்டி விசாரணை நடக்குது."

மறுநாள் அந்த டிரையர் நின்றே போனது. மேனேஜர் வந்து கேட்டபோது ரேடியோ, "நான் சொன்னேன் சார்" என்றாள். மடிப்பக்கா, "என்கிட்ட யாரும் சொல்லலையே" என்றாள். இரண்டு பேருமே சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள்.

அப்புறம் அந்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஒருவன் வந்து, "ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட்டை மாத்தித் தரேன்னு ஒத்துக்கிட்டீங்களே" என்பான். "நான் எப்பப்பா சொன்னேன்?" என்று திகைப்பாள். "தலையை ஆட்டினீங்களே அக்கா!" தலை ஆட்டியிருக்கலாம். இரைச்சலில் ஒருவர் சொல்வது பிடிபடாவிட்டால் சிரித்துத் தலையாட்டிவிடுவது அவள் வழக்கம். அங்கே எல்லாருமே அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். ஈரப்பக்கத்தில் அவளைப் பற்றிப் பேச்சு மாறியது. பதவி வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். அவள் மடிப்பு மேசையிலிருந்து வந்தவள்தானே, தன் ஆட்களைத்தான் தாங்குவாள் என்றார்கள்.

வீட்டில் கணவனிடம் சொல்லிப் புலம்பினாள். அவர் சரக்கு வேன் ஓட்டுபவர். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து எதையும் நேராகத்தான் பார்ப்பார். "பதவி வந்தா கூடவே பகையும் வரும். விடு" என்றார்.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்னாவது சொல்லணும்ல? எல்லாரும் வாய்க்குள்ளயே முணுமுணுக்கறாங்க."

"அம்மா, நீ டிவியை இவ்ளோ சத்தமா வெச்சா நாங்க பேசறது முணுமுணுப்பாத்தான் கேக்கும்" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

அவளுக்கு நடந்த ஒரே நல்லது தூக்கம். முன்பெல்லாம் கணவனின் குறட்டையால் பாதித் தூக்கம் போகும். இப்போது வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வீடே அடங்கிவிடுகிறது. "உங்க குறட்டை நின்னுடுச்சுங்க" என்று அவள் சொல்ல, சிகரெட்டை விட்டதன் பலன் என்று அவர் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

ஈரப்பக்கத்தில் பூனை என்று ஒருவன் இருந்தான். நடப்பதும் தெரியாது, பேசுவதும் கேட்காது. வேலையில் மட்டும் புலி. ஒரு மத்தியானம் மடிப்பக்கா பாய்லரின் அழுத்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் வந்து இடது பக்கம் நின்று ஏதோ சொன்னான். ஆஸ்பத்திரி விரிப்புகள் தயார் என்று சொல்வதாக அவள் எடுத்துக்கொண்டாள். அவனைப் பார்த்துச் சிரித்து, "நல்லது, நல்லது" என்றாள். அவன் ஒரு நொடி அவளையே பார்த்துவிட்டுப் போனான்.

போனவன் சில நாள் வரவில்லை. "சொல்லிட்டுப் போனானா?" என்று மேனேஜர் கேட்டார். அவளுக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னாள்: "இல்ல சார்." திரும்பி வந்தவனுக்கு மேனேஜர் எச்சரிக்கை கொடுத்தார். இன்னொரு முறை இப்படிச் செய்தால் வேலையில்லை என்றார்.

மடிப்பக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அவனிடம் போய், "ஏன்பா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே?" என்றாள். அவன் உதடு அசைந்தது. அவள் குனிந்து நெருங்குவதற்குள் எந்திரத்தின் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

அன்றைக்குத்தான் ஈரப்பக்கம் முழுவதும் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தது. சொல்லிவிட்டுப் போனவனைச் சொல்லவில்லை என்று காட்டிக்கொடுத்தவளோடு இனி யாரும் பேசுவதில்லை. அவளாக வந்து காரணம் கேட்கட்டும் என்று காத்திருந்தார்கள். ரேடியோவே வாயைக் கட்டிக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் கேட்கவில்லை. எப்போதும் போல நடைபாதையில் வந்தாள், அவர்களைப் பார்த்துப் புன்னகைத்தாள், தலையாட்டினாள், போனாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. நாம் பேசாமல் இருப்பதுகூட இவளுக்கு ஒரு பொருட்டில்லையா என்று அவர்களுக்குக் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. உள்ளபடி அவர்கள் தன்னோடு பேசவில்லை என்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஈரப்பக்கம் இந்த வாரம் அமைதியாக வேலை செய்கிறது, நல்ல மாற்றம்தான் என்று நினைத்திருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு தள்ளுவண்டியை இழுத்ததில் வலது மணிக்கட்டு பிசகிக்கொண்டது. கட்டுப் போட்டிருந்தாள். விடுமுறை நாள் காலையில் மேனேஜர் போன் செய்தார். இடது கையால் எடுத்து இடது காதில் வைத்தாள். "ஹலோ? ஹலோ?" ஒன்றும் இல்லை. வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது, மறுபடி ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை அவள் துண்டிக்கப் போனபோது எதிரே உட்கார்ந்திருந்த மகள் பாய்ந்து கையைப் பிடித்தாள்.

"அம்மா! அவர் கத்திக்கிட்டு இருக்காரு. இங்க எனக்கே கேக்குது."

மகள் போனைப் பிடுங்கி அம்மாவின் வலது காதில் வைத்தாள். "...என்னம்மா விளையாடறீங்களா? வெச்சு வெச்சுட்டுப் போறீங்க!" என்ற மேனேஜரின் குரல் நன்றாகவே கேட்டது.

பேசி முடித்ததும் மகள் அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு விரலை வலது காதருகே தேய்த்தாள். "கேக்குது." இடது பக்கம் வந்து தேய்த்தாள். பிறகு சொடுக்கினாள். பிறகு கை தட்டினாள். மடிப்பக்கா கண்ணை மூடியபடியே, "ம், ஆரம்பி" என்றாள். மகளின் முகம் போன போக்கைக் கணவன்தான் பார்த்தார்.

காது டாக்டரின் இடத்தில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்தினாள். இடது காது முறை வந்ததும், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று பொறுமையாகக் காத்திருந்தாள். சோதித்த பெண் உள்ளே வந்து ஹெட்போனைக் கழற்றியபோதுதான் எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தெரியலைங்க."

"வேலை செய்யற இடத்துல சத்தமா?"

மடிப்பு மேசை அவள் நினைவுக்கு வந்தது. இடது தோளுக்கு நேரே டிரையரின் பெரிய காற்றாடி. வருஷக்கணக்கில் அங்கேயே நின்றிருக்கிறாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே சொன்னார்: சத்தம் ஒரு காரணமாக இருக்கலாம். சின்ன வயதில் காதில் சீழ் வந்தது என்கிறீர்களே, அதுவும் இருக்கலாம். எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இடது காது இனி திரும்பாது. வலது காதும் லேசாகத் தேயத் தொடங்கியிருக்கிறது.

வெளியே வந்து மருந்துக்கடை வாசலில் நின்றாள். கணவன் வேனை எடுத்து வரப் போயிருந்தார். ரேடியோ கத்தியது, ஷிஃப்ட் கேட்டவன் சண்டைக்கு வந்தது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் யோசித்தால் இன்னும் பத்து முடிச்சு. எது காதால் வந்தது? எது உண்மையிலேயே அவர்களுக்குத் தன்னைப் பிடிக்காததால் வந்தது? அவளுக்கே தெரியாமல் அவள் மனசும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததா? பாரத்தை எல்லாம் காது மேல் ஏற்றிவிட்டால் சுலபம்தான். ஆனால் அது நியாயமா என்று தெரியவில்லை.

வீட்டில் ஒரே வாக்குவாதம்.

"மூச்சு விடாதே" என்றார் கணவன். "சுத்தி மிஷின் ஓடற இடத்துல காது கேக்காதவளை மேல வெச்சிருக்க எவன் சம்மதிப்பான்? பதவியோட வேலையும் போயிடும்."

"அப்பா, சொல்லாம இருந்து யாருக்காவது அடிபட்டா?" என்றாள் மகள். "அம்மாதானே மொத நாளே எதுன்னாலும் நேரா சொல்லுங்கன்னு அவங்ககிட்ட சொன்னாங்க?"

"சொல்றது வேற, செய்யறது வேற."

இருதலைக்கொள்ளி எறும்பாக நடுவில் உட்கார்ந்திருந்தாள் அவள். கடைசியில் கணவன் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டு, காதை மட்டும் சமாளிக்கப் பார்த்தாள். நடைபாதையில் போகும்போது ஈரப்பக்கத்தை நோக்கி முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தாள். அவர்கள் வாயசைத்தால் போதும், ஓடிப்போய் வலது காதைக் கொடுத்தாள். அதன் பலன் அவள் எதிர்பாராதது. இப்போது காய்ந்த பக்கம் அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"எங்க மேல என்ன கோவம் அக்கா?" என்று ரோலர்காரி கண் கலங்கினாள். "நேத்து மூணு தடவை கூப்பிட்டேன்."

ஈரப்பக்கமோ திடீர்ப் பாசத்தைப் பார்த்து மிரண்டது. "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு. யாரையோ வேலையை விட்டு எடுக்கப் போறாங்க, அதான்" என்றாள் ரேடியோ. பேசா விரதத்தை அவள் அதற்குள் முறித்துவிட்டிருந்தாள்.

எப்படித் திரும்பினாலும் பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள். ஒரு நாள் முழுக்க அப்படிச் சுற்றிச் சுற்றித் திரும்பியதில் அவளுக்குத் தலையே கிறுகிறுத்துவிட்டது. சாயங்காலம் சோப்புத்தூள் பீப்பாய்கள் வைத்திருக்கும் பின்னறையில் போய் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினால் இரைச்சல் பாதிக்கு மேல் குறையும் இடம் அது. தூள் எடுக்கப் பூனை உள்ளே வந்தான்.

"உக்காருப்பா. உன்கிட்ட பேசணும்."

அவன் உட்காரவில்லை. இடது பக்கமாக நின்றான். அவள் எழுந்து அவனுக்கு இடப்புறமாகச் சுற்றி வந்தாள். வழிவிடுகிறோம் என்று நினைத்து அவனும் நகர்ந்தான். அவள் இன்னும் சுற்றினாள். அவனும் சுற்றினான்.

"என்னக்கா சுத்தறீங்க?" என்று உரக்கவே கேட்டுவிட்டான்.

அவள் நின்றாள். "அந்தப் பக்கம் நின்னா எனக்குக் கேக்காதுப்பா. இந்தக் காது போயிடுச்சு. எப்பலேர்ந்துன்னு எனக்கே தெரியாது. டாக்டர்கிட்ட போய்த்தான் தெரிஞ்சுது."

 அவன் வலது பக்கம் வந்து நின்றான்.

"அன்னைக்கு பாய்லர்கிட்ட நான் சொன்னது?"

"கேக்கல."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட."

பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான்: "வயித்துல இருந்த குழந்தை தங்கலைன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. அவ தனியா இருக்கா, நான் போகணும்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. நல்லது, நல்லதுன்னு சொன்னீங்க."

  யாரிடமும் இதைச் சொல்லவில்லையா என்று மடிப்பக்கா கேட்டாள். லீவு சொன்னதை மட்டும்தான் மற்றவர்களிடம் சொன்னேன் என்றான். சிரித்ததைச் சொல்லவில்லை.

"ஏம்ப்பா? சொல்லியிருந்தா என்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பாங்களே."

"தெரியல அக்கா. வாய் வரல." பிறகு அவளை நேராகப் பார்த்தான். "கேக்கலைன்னா ஏன் தலையாட்டினீங்க?"

"திருப்பித் திருப்பி என்ன, என்னன்னு கேட்டா சொல்றவங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு... ஒரு மரியாதைக்கு..."

"மரியாதைக்கு" என்று அவன் அந்த வார்த்தையை மட்டும் எடுத்துத் திருப்பிச் சொன்னான். கோபமா, கேலியா, வெறும் களைப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் "மன்னிச்சிடுப்பா" என்றாள். அவன் தூளை அள்ளிக்கொண்டு, எந்திரம் காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் யாரையும் கேட்காமல் அவள் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். காது விஷயத்தைச் சொன்னாள். பூனை சொல்லிவிட்டுத்தான் போனான், தப்புத் தன் மேல்தான், எச்சரிக்கையை எடுத்துவிடுங்கள் என்றாள்.

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை. "இதை ஏம்மா என்கிட்ட சொன்னீங்க?" என்று பாவமாகக் கேட்டார். "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியாம இருந்திருக்கும். இப்பத் தெரிஞ்சுபோச்சு. நான் ஏதாவது பண்ணியாகணுமே! என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல சார்."

எச்சரிக்கையை எடுத்துவிடுவதாகச் சொன்னார். அவள் வேலை பற்றி, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் காலை, எந்திரங்களை முடுக்குவதற்கு முன் அவள் எல்லாரையும் கூப்பிட்டாள். பூனையின் வீட்டு விஷயத்தைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. அது அவனுடையது. அவன் லீவு சொன்னது தன் காதில் விழவில்லை என்பதை மட்டும் சொன்னாள். இடது காது செத்துவிட்டது என்றாள். கேட்காததற்கெல்லாம் கேட்ட மாதிரி தலையாட்டினேன், அது காதின் தப்பு இல்லை, என் தப்பு என்றாள்.

 திடீரென்று ரேடியோவின் குரல் கிளம்பியது. "அப்போ... நாங்க உங்ககூடப் பேசாம இருந்தது?"

"எப்ப பேசாம இருந்தீங்க?"

"அட கடவுளே! ஒரு வாரம் வாயைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு! அத்தனையும் வீணா!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு கூடமே சிரித்தது. மடிப்பக்காவும் சிரித்தாள். சிரிக்கலாமா என்று தெரியாமலேயே சிரித்தாள். பூனை சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தபோது அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

பாய்லர்காரர் முன்னால் வந்தார். "அக்கா, எனக்கு ரெண்டு பக்கமுமே அரைகுறைதான். நீ பேசறப்ப உன் வாயைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நீ திரும்பி நின்னு சொன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. சரி சரின்னுடுவேன்." ரோலர்காரி, தனக்குப் படுத்தால் காதில் ஏதோ ரீங்காரம் கேட்கிறது, பேய்தான் பிடித்துவிட்டதோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை என்றாள். இத்தனை வருஷமாக அந்தக் கூடத்தில் ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு எவ்வளவுதான் போய்ச் சேர்ந்ததோ!

ஆனால் இஸ்திரி மேசையில் நிற்கும் பெரியவர் ஒருவர் மட்டும் மசியவில்லை. "பழியெல்லாம் காது மேல போட்டுட்டா ஆச்சா? புது ரப்பர் செருப்பு வந்தப்ப மொதல்ல மடிப்பு மேசைக்குத்தானே குடுத்தே? நானும் காய்ஞ்ச பக்கம்தான். ஆனாலும் சொல்றேன். அதுவும் காதா?"

அவள் யோசித்தாள். "இல்லைண்ணே. அது காது இல்ல. அது நான்தான். எது காது, எது நான்னு எனக்கே முழுசாப் பிரிக்கத் தெரியல. தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா கேப்பேன்."

சொன்னார்கள். அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவராக வந்து, வலது பக்கம் நின்று சொன்னார்கள். சிலது அவளுக்குச் சுட்டது. சிலதற்கு அவள் சண்டை போட்டாள். சிலதைச் சொன்னவர்களே பாதியில் சந்தேகப்பட்டு, "ஒருவேளை நானே தப்பா நெனச்சுட்டேனோ?" என்று போனார்கள்.

மேலிடத்திலிருந்து பதில் வர நாளாயிற்று. வந்தபோது அதிலும் தெளிவில்லை. அவள் சூப்பர்வைசராகவே இருக்கலாம், ஆனால் ஈரப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள அங்கிருந்தே ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றார்கள். பதவி இருக்கிறதா, பாதி போய்விட்டதா என்று கணவன் கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஈரப்பக்கத்து ஆளாக ரேடியோவைத்தான் அவள் கேட்டு வாங்கினாள். எல்லாருக்கும் காதில் வைக்க ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைப்பான்கள் வந்தன. பாதிப் பேர் வைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேருக்கு அவள் தினமும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

பழக்கங்கள் சில மாறின. அவளோடு பேச வருகிறவர் முதலில் அவள் கண்ணில் படுகிற மாதிரி வந்து நிற்க வேண்டும். சொன்னதை அவள் தன் வாயால் திருப்பிச் சொல்வாள். "நீ கேக்கறது புதன்கிழமை லீவு. சரியா?" அதன் பிறகுதான் சரி என்பாள். அவசரக்காரர்கள் இதில் அலுத்துக்கொண்டார்கள். குறும்புக்காரர்கள் இடது பக்கம் வந்து, "அக்கா, சம்பளத்தை ஏத்தறீங்களா?" என்று முணுமுணுத்துவிட்டு ஓடினார்கள். தேயத் தொடங்கிய வலது காதுக்கு ஒரு கருவியும் கிடைத்தது. மாட்டிய முதல் நாள் ஸ்பூன் விழுந்தது கோவில் மணி அடித்தது போலக் கேட்டது. இரவில் அதைக் கழற்ற மறந்து மல்லாந்து படுத்துவிட்டாள். கணவனின் குறட்டை அப்படியே உயிரோடு இருந்தது. அதைச் சொன்னபோது அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பூனை ஒழுங்காக வேலைக்கு வந்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான். எப்போதும் வலது பக்கமே வந்து நின்றான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவன் மனசில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சில சமயம் மன்னித்துவிட்டான் போலத் தோன்றும். சில சமயம் அவன் பார்வை அவள் தோளைத் தாண்டி எங்கேயோ போகும். எத்தனையோ பேரிடம் எதையெல்லாமோ கேட்டவள் இதை மட்டும் கேட்கப் பயந்து பல மாதம் தள்ளிப்போட்டாள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம், பின்முற்றத்தில் வண்டிக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். மடித்த விரிப்புகள் மேல் பாலிதீன் போர்த்தியிருந்தது.

"என் மேல இன்னும் கோவமாப்பா?" என்று கேட்டுவிட்டாள்.

அவன் பாலிதீனின் ஓரத்தைச் சரிசெய்தபடி யோசித்தான். அவளும் அவசரப்படுத்தவில்லை.

"தெரியல அக்கா" என்றான். "சில நாள் இருக்கு. சில நாள் இல்ல. காதுதான்னு புரியுது. ஆனா அந்தச் சிரிப்பு எப்பவாவது கண்ணு முன்னாடி வருது. வந்தா அன்னைக்கு வேலையே ஓடறதில்ல."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு இல்ல."

அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். பிறகு, "வீட்டுல எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இப்போது கேட்டால் தப்பாகுமோ என்று கேட்ட பிறகும் சந்தேகமாகவே இருந்தது.

அவன் சொல்ல ஆரம்பித்தான். மனைவி கொஞ்ச நாள் அவள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். திரும்பத் தையல் எடுத்துச் செய்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் எழுந்து ஜன்னலைச் சாத்துகிறாள். நேற்று சாத்தவில்லை. அது நல்லதற்கா, பழகிவிட்டதா, அவனுக்கும் தெரியவில்லை. அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. இரண்டு இடத்தில் பிடிபடாமல் போனது. இரண்டு இடத்திலும், "இதைத் திருப்பிச் சொல்லுப்பா" என்றாள். அவன் திருப்பிச் சொன்னான்.

வண்டி பின்வாங்கி உள்ளே வந்தது. ஓட்டுநர் இறங்கிக் கதவைத் திறந்தார். பூனை பாலிதீனின் ஒரு முனையைப் பிடித்தான், அவள் மறுமுனையைப் பிடித்தாள். தேங்கியிருந்த மழைத்தண்ணீர் விரிப்பில் சிந்தாமல் அதை மெதுவாகத் தூக்கி ஓரமாகக் கொட்டிவிட்டு, இருவரும் சுமையேற்ற ஆரம்பித்தார்கள்.